கையில் செல்போன், கணினி எங்கே?

புதுதில்லி:
மடிக்கணினி, டேப்லெட், சர்வர் உள்ளிட்டவற்றை இறக்குமதி செய்ய உரிமம் கட்டாயம் என்று 2023 ஆகஸ்ட் 3 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அறிவித்தது. உடனடியாக அமல் என்றும் கூறப்பட்டது. ஆனால் மறுநாளே அந்த உத்தரவு நவம்பர் 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. அக்டோபரில், இணையம் வழியே பதிவு செய்து அனுமதி பெறும் முறையாக அது சுருங்கியது.

பண்டிகைக் காலத்தில் தட்டுப்பாடும் விலையேற்றமும் வரும் என்று வணிகர்கள் அஞ்சினர். அமெரிக்காவும் தன் கவலையைத் தெரிவித்தது. ஆயினும், சுங்கவரியை உயர்த்தாமல் உரிமம் என்ற ஆயுதத்தை அரசு எடுத்தது ஏன் என்பதே இதில் கவனிக்க வேண்டிய கேள்வி.

விடை, உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1996இல் உருவான இந்த ஒப்பந்தத்தில் 1997இல் இந்தியாவும் சேர்ந்தது. கணினிக்குச் சுங்கவரி விதிப்பதில்லை என்பது அதன்படி நாம் அளித்த வாக்கு. அதனால் பெரும்பாலும் சீனாவிலிருந்து மடிக்கணினிகள் வரியின்றி வந்து குவிகின்றன.

செல்போனில் மத்திய அரசு வேறு பாதையில் சென்றது. 2017 ஜூலையில் 10 சதவீதமாக விதிக்கப்பட்ட சுங்கவரி, அதே ஆண்டு டிசம்பரில் 15 ஆகவும், 2018 பட்ஜெட்டில் 20 ஆகவும் உயர்ந்தது. 2020இல் சுமார் 41 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பில் உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. இதன் பலன் கண்கூடு. 2022 செப்டம்பரில் அறிமுகமான ஐபோன் 14, சில வாரங்களுக்குள் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகத் தொடங்கியது.

ஆனால் இந்த வரியை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் ஆகியவை தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஸ்மார்ட்போன் போன்ற பிற்காலப் பொருள்களுக்குப் பழைய ஒப்பந்தம் பொருந்தாது என்ற நமது வாதம் எடுபடவில்லை. இந்தியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமைப்போ, 2019 டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில் செல்போன் வரி 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

கணினிக்கான ஊக்கத்தொகைத் திட்டம் 2021இல் 7,350 கோடி ரூபாயுடன் தொடங்கியது. போதிய வேகம் இல்லாததால், 2023 மே மாதம் 17 ஆயிரம் கோடி ரூபாயில் இரண்டாம் திட்டம் அறிவிக்கப்பட்டது. உரிம உத்தரவு வந்தபோது அதற்கு மூன்று மாதம்கூட நிறைவடையவில்லை. தொழிற்சாலை எழுவதற்கு முன்பே கதவை மூட முயன்றதுதான் பின்வாங்கலுக்குக் காரணம்.

இந்த இழுபறியின் சுமை இறுதியில் யார் தோளில் விழும்? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18 அறிக்கைப்படி, நாட்டில் 10.7 சதவீதக் குடும்பங்களிடமே கணினி இருந்தது. கிராமப்புறத்தில் வெறும் 4.4 சதவீதம். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கோடிக்கணக்கான மாணவர்களுக்குச் செல்போன் திரையே வகுப்பறை ஆனது. பாடத்தைப் பார்க்கச் செல்போன் போதும். கட்டுரை எழுதவும், கணக்கேடு தயாரிக்கவும், மென்பொருள் உருவாக்கவும் அது போதாது.

உள்நாட்டு உற்பத்தி தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இறக்குமதியின் அளவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. எத்தனை ஏழை வீடுகளுக்குக் கணினி சென்று சேர்ந்தது என்ற கணக்கையும் தில்லி எடுக்க வேண்டும்.