அடகுக்குப் போன வைரம்

குடும்பத்தில் கஷ்டம் வந்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது இரும்புப் பெட்டியில் இருக்கும் நகைதான். பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு, தகப்பனாரின் வைத்தியம் என்று காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். அட்டிகையும் வளையலும் மஞ்சள் துணியில் முடியப்பட்டு அடகுக் கடைக்குப் புறப்படும் காட்சி மட்டும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவானது. ஆனால், முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத் தம் மனைவியின் நகைகளை அடகு வைத்த முதலாளி ஒருவர் நமது தேசத்தில் இருந்தார். 1924-ஆம் வருஷத்தில் பம்பாயில் இது நடந்தது. அவர் ஸர் தோராப்ஜி டாட்டா.

தொழில் உலகில் காற்று திசை மாறி அடிக்கும்போது தலைமை வகிப்பவன் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்ற பேச்சு வந்தால், இந்தக் கதையை யாராவது எடுத்துச் சொல்வார்கள். நகை அடகுக்குப் போனதோடு கதையும் முடிந்துவிடும். நகைக்கு முன்பு நடந்ததும் பின்பு நடந்ததுமே அதிகக் கவனத்துக்கு உரியவை என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவில் பெரிய இரும்பாலை ஒன்று அமைக்க வேண்டும் என்று கனவு கண்டவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. கனவு பலிப்பதற்குள் 1904-இல் அவர் ஜெர்மனியில் காலமாகிவிட்டார். மூத்த குமாரர் தோராப்ஜியும், நெருங்கிய உறவினரான ஆர். டி. டாட்டாவும் அந்த வேலையைத் தலையில் ஏற்றுக் கொண்டார்கள். மூலதனம் கேட்டு லண்டனுக்குப் போனார்கள். லண்டன் பணக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அது சுதேசி இயக்கம் கொழுந்து விட்டெரிந்த காலம். ஊருக்குத் திரும்பி, 1907 ஆகஸ்டில் சொந்த ஜனங்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். பம்பாயில் டாட்டா ஆபீஸ் வாசலில் விடியற்காலையிலிருந்து இரவு வரையில் கூட்டம் அலைமோதியது. மூன்றே வாரத்தில் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் சேர்ந்து இரண்டேகால் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டார்கள். நடைமுறைச் செலவுக்கு மேலும் பணம் தேவைப்பட்டபோது குவாலியர் மகாராஜா கடன் பத்திரங்களை வாங்கிக் கை கொடுத்தார்.

சுவர்ணரேகையும் கர்காயியும் கூடும் இடத்தில், இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கும் ஸாக்சி என்னும் காட்டுக் கிராமத்தில் ஆலை எழுந்தது. 1912 பிப்ரவரியில் முதல் உருக்குப் பாளம் வெளிவந்தது. இந்தியர்கள் தண்டவாளம் செய்து காட்டினால் அதை ராத்தல் ராத்தலாகத் தாமே தின்றுவிடுவதாக ரெயில்வே போர்டின் தலைவராயிருந்த ஸர் பிரெடரிக் அப்காட் பரிகாசம் செய்ததாக ஒரு வரலாறு உண்டு. முதல் மகா யுத்தத்தில் அந்தத் தண்டவாளங்கள்தான் மெஸபொடேமியாவுக்குக் கப்பலேறின. 1919-இல் ராஜப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபு நேரில் வந்து, ஸாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டி உபசார வார்த்தைகள் பேசிவிட்டுப் போனார். அப்காட் துரை தண்டவாளம் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை.

ஆபத்து இந்த நல்ல காலத்தில்தான் விதைக்கப்பட்டது. யுத்த காலத்தில் செய்ததெல்லாம் விற்றது, சொன்னது விலை. ஆலையைப் பல மடங்கு பெருக்கி, வருஷத்துக்குச் சுமார் நாலு லட்சம் டன் உருக்குச் செய்யும்படி விஸ்தரிப்பது என்று டைரக்டர்கள் தீர்மானித்தார்கள். தீர்மானம் தவறானதன்று. சிறிய ஆலையில் டன்னுக்கு ஆகும் செலவு அதிகம். பெரிய ஆலையில்தான் அது இறங்கும். ஆனால் வேளை பொல்லாத வேளை. யுத்தம் முடிந்த கையோடு யந்திரங்களின் விலை ஆகாயத்தை எட்டியது. ஆர்டர் கொடுத்த யந்திரங்கள் வருஷக் கணக்கில் தாமதமாக வந்தன. சம்பளம் போதவில்லை என்று 1920-இலும் 1922-இலும் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மதிப்பிட்ட செலவு ஒன்று, ஆன செலவு வேறு. பாதி கட்டின வீட்டைப் போல ஆலை நின்றது. குடியிருக்கவும் முடியாது, கைவிடவும் முடியாது.

அதே சமயத்தில் விற்கும் பொருளின் விலை சரிந்தது. பெல்ஜியமும் ஜெர்மனியும் உருக்கை மலிவாக இந்தியாவில் கொண்டுவந்து குவித்தன. ரூபாயின் செலாவணி மதிப்பு உயர்ந்ததனால் அந்நியச் சரக்கு இன்னும் மலிவாகிவிட்டது. டாட்டாவின் கச்சா இரும்பை வாங்கி வந்த பெரிய வாடிக்கைக்காரர் ஜப்பான். 1923 செப்டம்பர் முதல் தேதியன்று டோக்கியோவையும் யோகஹாமாவையும் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஆலையின் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் ஜாம்ஷெட்பூரும் அதிர்ந்தது. எங்கோ சமுத்திரத்துக்கு அப்பால் பூமி அசைந்தால் இங்கே ஒரு வியாபாரம் ஆட்டம் காணும் என்பதை யார் முன்கூட்டிக் கணக்குப் போட முடியும்?

சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று ஜாம்ஷெட்பூரிலிருந்து பம்பாய்க்கு ஒரு தந்தி வந்தது. கம்பெனியைச் சர்க்காரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் யோசனை கூறியபோது, ஆர். டி. டாட்டா துள்ளியெழுந்து மேஜையைக் குத்தி, தாம் உயிரோடிருக்கும் வரையில் அது நடக்காது என்று சொன்னாராம். மேஜையைக் குத்துவது சுலபம். மறுநாள் காலையில் சம்பளத்துக்குப் பணம் வேண்டுமே!

தோராப்ஜி இம்பீரியல் பேங்கிடம் போனார். ஒரு கோடி ரூபாய் கடன் கேட்டார். ஈடாகத் தமது சொந்த ஆஸ்தி முழுவதையும், மனைவி மெஹர்பாயின் ஆபரணங்களையும் வைத்தார். அந்த நகைகளுள் ஒன்று ஜூபிலி வைரம். அதன் எடை 245 காரட். கோகினூரைப்போல் இரண்டு பங்குக்கு மேல். விக்டோரியா ராணியின் அறுபதாண்டு ஆட்சி விழாவை ஒட்டி அந்த வைரத்துக்கு அப்பெயர் வந்தது. மெஹர்பாய் அம்மையார் நகைப் பெட்டியைக் காத்துக்கொண்டு வீட்டில் அடைந்து கிடந்தவர் அல்லர். புடவை கட்டிக்கொண்டே டென்னிஸ் பந்தயங்களில் ஆடிப் பெயர் வாங்கியவர். பால்ய விவாகத்தை எதிர்த்துப் பேசியவர். வைரத்தை எடுத்துக் கொடுத்தபோது தம்பதிகள் என்ன பேசிக் கொண்டார்கள் என்பதைக் கற்பனை செய்யும் வேலையை நமது கதாசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது ஒரு ‘லிமிடெட்’ கம்பெனி. கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் தாம் போட்ட பணத்தை இழப்பார், அவ்வளவுதான். அவருடைய வீட்டுக் கதவைத் தட்டக் கடன்காரனுக்கு உரிமை கிடையாது. முதலாளியைக் காப்பதற்காகச் சட்டம் கட்டிக் கொடுத்த இந்த மதிலைத் தோராப்ஜி தாமே தாண்டி வெளியே வந்து நின்றார். ஏன்? 1907-இல் வரிசையில் நின்ற அந்த 8,000 பேர் தாதுப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டா பணம் கொடுத்தார்கள்? பெரும்பாலோர் ஒரு பெயரை நம்பித்தானே கொடுத்திருப்பார்கள்! அந்தப் பெயருக்குச் சட்டத்தில் ‘லிமிட்’ கிடையாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இருந்தாலும், எல்லா முதலாளிகளும் மனைவியின் நகையை அடகு வைக்கத்தான் வேண்டும் என்று உபதேசம் செய்ய நான் தயாராயில்லை. அப்படி வைத்துத் தெருவில் நின்றவர்களும் பலர் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. தோராப்ஜி செய்தது வெறும் துணிச்சலாக முடியாமற் போனதற்கு மற்றொரு காரணம் இருக்கிறது. எதை விடுவது, எதை விடாமல் பிடித்துக் கொள்வது என்று அந்த வீட்டார் பார்த்துச் செய்தார்கள். யுத்த காலத்துச் செழிப்பில் அவர்கள் தொடங்கிய தொழில்களுள் டாட்டா இண்டஸ்ட்ரியல் பேங்கும் ஒன்று. 1917-இல் பிறந்த அந்தப் பேங்கை 1923-இல் ஸென்ட்ரல் பேங்கோடு சேர்த்துவிட்டார்கள். ‘டாட்டா’ என்ற பெயர் பலகை ஒன்று இறங்குகிறதே என்று கௌரவம் பார்க்கவில்லை. இரும்பாலையின் சங்கதி வேறு. அங்கே பக்கத்திலேயே நல்ல தாது இருந்தது, நிலக்கரி இருந்தது, தேசத்தில் உருக்குக்குத் தேவையும் இருந்தது. கட்டிக்கொண்டிருந்த புதிய உலைகள் முடிந்துவிட்டால் டன்னுக்கு ஆகும் செலவு குறையும். நோயாளியின் உடம்பு உறுதியானது, வந்திருக்கும் ஜுரம்தான் கடுமையானது என்று நாடி பார்த்த பிறகே சொத்தைப் பணயம் வைத்தார்கள்.

பங்குதாரர்களிடம் நயமாகப் பேசி நாளைக் கடத்தவும் இல்லை. பல வருஷங்கள் சாதாரணப் பங்குகளுக்கு லாபப் பங்கு கிடைக்கவில்லை. சமுத்திரத்தைத் தடுக்கச் சுவர் எழுப்பிக் கொண்டிருக்கும்போது, அதற்கு வேண்டிய கல்லையும் சிமெண்டையும் எடுத்துப் பங்கு போட்டுக் கொள்வது மதியீனம் என்ற பொருள்பட ஆர். டி. டாட்டா பங்குதாரர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஊருக்கு ரஸ்தாவும் ஆஸ்பத்திரியும் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, நாம் கூலிக் குடிசைகளைக் கட்டவில்லை, ஒரு நகரத்தையே நிர்மாணிக்கிறோம் என்று பதில் சொன்னவரும் அவரே. பணம் வரும் என்று காத்திருப்பவனிடம் ‘இப்போது வராது’ என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு, வைரத்தை அடகு வைப்பதைவிட அதிகத் தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு தேசத்தின் உதவியையும் நாடினார்கள். 1923-இல் ஏற்பட்ட சுங்க வரி போர்டின் முன் கம்பெனியின் செலவுக் கணக்குகளை வைத்து, குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். மோதிலால் நேரு ஸ்வராஜ்யக் கட்சிக்குத் தலைமை வகித்த மத்திய சட்டசபையில், 1924 ஜூனில் உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்நிய உருக்குக்கு வரி உயர்ந்தது. அதுவும் போதாமல், பின்னர் உற்பத்திக்கு உதவித் தொகையும் வழங்கலாயிற்று. வரியைக் கொடுத்தவர்கள் யார்? தகரமும் உத்திரமும் ஆணியும் வாங்கிய ஏழை எளிய இந்தியர்கள்தான். ஆகையால் அந்த ஆலைக்காக நகை கொடுத்தவர் மெஹர்பாய் அம்மையார் ஒருவர்தான் என்று சொல்வது முழு உண்மை ஆகாது.

தொழிலாளிகள் விஷயத்தில் கதை அவ்வளவு இனிமையாக இல்லை. 1925 ஆகஸ்டில் காந்திஜி ஜாம்ஷெட்பூருக்கு வந்தார். தீனபந்து ஆண்ட்ரூஸ் தலைவராயிருந்த தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்க நிர்வாகம் இணங்கியது. ஆனால் செலவைச் சுருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஆட்குறைப்பு ஆரம்பமாயிற்று. 1928-இல் மாதக் கணக்கில் வேலை நின்றது. கடைசியில் சுபாஷ் சந்திர போஸ் வந்து சமரசம் செய்து வைக்க வேண்டியதாயிற்று. தொழிலாளிகளின் சம்பளத்துக்காகச் சொத்தையெல்லாம் ஈடு வைத்த அதே கம்பெனியில் நாலு வருஷத்துக்குள் இப்படி! சம்பளத்தை நிறுத்தாமல் கொடுப்பது ஒரு கடமை. வரப்போகும் மாறுதலைத் தொழிலாளியிடம் முன்கூட்டியே பேசி அவனையும் உடன்படச் செய்வது வேறொரு கடமை. முன்னதில் வென்றவர்கள் பின்னதில் தடுக்கி விழுந்தார்கள்.

மற்றொரு காரியத்தை ஓசையில்லாமல் செய்தார்கள். ஆரம்பத்தில் உலைகளை நடத்தியவர்கள் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும். அவர்களுக்குப் பெரிய சம்பளம். பண நெருக்கடி தலைதூக்கிய 1921-ஆம் வருஷத்திலேயே இந்திய வாலிபர்களுக்கு உருக்குத் தொழிலைக் கற்பிக்க ஜாம்ஷெட்பூரில் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். கையில் காசில்லாத காலத்தில் முதலில் மூடப்படுவது பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும், இங்கே மூடவில்லை. ஒப்பந்தம் முடிந்து வெளிநாட்டார் போகப் போக அந்த ஸ்தானங்களில் இந்தியர்கள் அமர்ந்தார்கள். 1938-இல் ஜஹாங்கீர் காந்தி என்ற பார்ஸி கனவான் ஆலையின் முதல் இந்திய ஜெனரல் மானேஜரானார். 1943-இல் திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌரா பாலத்துக்கு ஏறக்குறைய 26,500 டன் உருக்குப் பிடித்தது. அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூர் உருக்கு.

இவற்றையெல்லாம் பார்க்க ஆர். டி. டாட்டா இருக்கவில்லை; 1926-லேயே பாரிஸில் காலமாகிவிட்டார். 1931-இல் மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு வருஷமே தோராப்ஜியும் ஜெர்மனியில் கண்ணை மூடினார். அவர்களுக்குச் சந்தானமில்லை. சாவதற்கு முன் தோராப்ஜி தமது ஆஸ்தியனைத்தையும் தர்மத்துக்கு எழுதி வைத்திருந்தார். அடகிலிருந்து மீண்ட ஜூபிலி வைரமும் அதில் சேர்ந்தது. தர்மகர்த்தாக்கள் அதை விற்றுப் பணமாக்கினார்கள். அந்தத் தர்மம் பம்பாய் பரேலில் 1941-இல் புற்றுநோய்க்கென ஒரு பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்தது. அதன் வாசலில் இன்றும் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள்.