நீறு பூத்த நெருப்பு: கரியடுப்பு கற்றுத்தரும் பாடம்



அண்மையில் ஐந்தாம் படிவ வகுப்பில் உவமைத்தொடர் பயிற்சி கொடுத்தேன். ஒரு மாணவி ‘நீர் பூத்த நெருப்பு’ என்று எழுதியிருந்தாள். “ஏம்மா, தண்ணி பட்டா நெருப்பு அணைஞ்சு போயிடாதா?” என்று கேட்டேன். “அதான் டீச்சர் எனக்கும் புரியல. அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன்” என்றாள்.

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. குமிழைத் திருகினால் எரியும், திருப்பினால் அணையும். தணல் எது, கொள்ளி எது என்று அவள் எங்கே பார்த்திருப்பாள்? ஆகவே, கரியடுப்பை மூட்டிப் பராமரிக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். விளக்கக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கு இது ஒரு மாதிரியாகவும் உதவும்.

முதலில் கரியைப் பற்றி. நிலக்கரி வேறு, மரக்கரி வேறு. நிலக்கரி பூமியைத் தோண்டி எடுப்பது. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்தில் 1960 வரை எடுத்தார்கள். நம் வீட்டு அடுப்புக்கு உரியது மரக்கரி. பேராக்கில் அது தயாராகும் இடம் தைப்பிங் அருகே உள்ள கோலா செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் போடப்பட்டது. ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டில், 30 ஆண்டுச் சுழற்சியில் பக்காவ் மரங்களை வெட்டுகிறார்கள். கவிழ்த்த சட்டி போன்ற செங்கல் சூளைக்குள் அவற்றை அடுக்கி, காற்று அதிகம் புகாமல் பல நாள் சூடேற்றுகிறார்கள். மரத்திலுள்ள ஈரமும் புகை தரும் பொருள்களும் வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அதனால்தான் நல்ல கரி அதிகம் புகையாமல், சுடர் விடாமல், நின்று எரிகிறது.

இனி அடுப்புக்கு வருவோம். மேலே கரி போடும் குழி, அதன் அடியில் ஓட்டைகள் உள்ள தட்டு, தட்டுக்குக் கீழே சாம்பல் விழும் இடம், அதற்கு ஒரு வாய். விளிம்பில் மூன்று குமிழ்கள். இந்தக் குமிழ்கள் அழகுக்கு அல்ல. பானைக்கும் அடுப்புக்கும் இடையே சந்து விட்டால்தான் சூடான காற்று வெளியேறும். கீழ்வாய் வழியே புதுக்காற்று உள்ளே வரும்.

முதல் வேலை, பழைய சாம்பலை அள்ளுவது. சாம்பல் ஓட்டைகளை அடைத்தால் எவ்வளவு விசிறினாலும் நெருப்புப் பிடிக்காது.

இரண்டாவது, அடுக்குவது. தட்டின் மேல் தேங்காய் நாரும் காய்ந்த சுள்ளியும் வையுங்கள். அதன்மேல் சிறு கரித்துண்டுகள், அதற்கும் மேல் பெரியவை. நெருப்பு கீழிருந்து மேலே ஏறும் என்பதால் இந்த வரிசை. குழியை நெருக்கி நிரப்பாதீர்கள்; துண்டுகளுக்கு நடுவே காற்று ஓட வேண்டும். ஈரக் கரி வேண்டாம். சூடேறும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, கரி வெடித்துத் தெறிக்கும்.

மூன்றாவது, மூட்டுவது. நாரைப் பற்றவைத்து, கீழ்வாயில் விசிறுங்கள். மேலே விசிறினால் சாம்பல்தான் பறக்கும். நெருப்பு மந்தமாக இருக்கிறதே என்று மண்ணெண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சூட்டில் அது ஆவியாகி, குப்பென்று முகத்துக்கே பிடிக்கும்.

நான்காவது, காத்திருப்பது. கால் மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். கருப்புக் கரி சிவந்து, மேலே வெள்ளைப் பூச்சு படிந்த பிறகே பானையை ஏற்ற வேண்டும்.

ஐந்தாவது, பராமரிப்பது. சூடு கூட வேண்டுமானால் கீழ்வாயைத் திறந்துவிடுங்கள். குறைய வேண்டுமானால் பாதி மூடுங்கள். தணல் ஒடுங்குவதற்கு முன்பே, இரண்டு மூன்று துண்டுகளை ஓரமாகச் சேருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் இருக்கிற தணலும் குளிர்ந்து மங்கிவிடும்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். சோறு வடிக்க ரப்பர் விறகு. அப்பம் சுட, துணி தேய்க்கக் கரி. இரவு வேலை முடிந்ததும், மிச்சத் தணலை ஒன்றாகக் குவித்துச் சாம்பலால் மூடிவிடுவார். காற்று குறைவாகப் போவதால் தணல் மெல்ல மெல்லத்தான் எரியும். சாம்பல் போர்வைபோல் சூட்டையும் காக்கும். பார்த்தால் அணைந்த அடுப்பு. விடியற்காலையில், பெரட்டுக்குப் போகும் முன், சாம்பலை விலக்கி ஊதாங்குழலால் ஊதினால் உள்ளே செக்கச் சிவந்து கிடக்கும். நீறு என்றால் சாம்பல். திருநீற்றில் வரும் அதே நீறு. வெளியே அடங்கியிருந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கோபத்துக்கோ ஆற்றலுக்கோ இதைவிடப் பொருத்தமான உவமை ஏது?

கூடவே இந்தச் சொற்களையும் பிரித்தறியுங்கள். சுடர் விட்டு எரியும் விறகு கொள்ளி. சுடரின்றிச் சிவந்து கனல்வது தணல்; அதன் ஒரு துண்டு கங்கு. எரிந்து முடிந்தது சாம்பல் அல்லது நீறு.

இன்னொன்று மிக முக்கியம். அம்மா பள்ளி மாணவியாக இருந்தபோது நடந்தது. அடைமழை. மறுநாள் சீருடை காய வேண்டுமென்று, தணலோடு அடுப்பை லயத்து உள்ளறைக்குக் கொண்டுவந்து, சாரல் அடிக்காமல் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி. பாட்டி தட்டுத்தடுமாறி எழுந்து கதவைத் திறந்ததால் எல்லாரும் பிழைத்தார்கள். “கரிச்சூடு தலைக்கேறிடுச்சு” என்றுதான் பாட்டி கடைசிவரை சொன்னார்.

தலைக்கேறியது சூடு அல்ல, கார்பன் மோனாக்சைடு. கரி எரிய காற்று போதாவிட்டால் இந்த வாயு உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். உடலுக்குப் போக வேண்டிய ஆக்ஸிஜன் போகாது. புகை வரவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். தணல் புகையாமலே கொல்லும்.

‘இது பழைய கதை டீச்சர்’ என்கிறீர்களா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட இன்றும் கரித்தணல்தான் வைக்கிறோம். முன்பு காற்றோட்டமான வீடு. இப்போது சன்னல் சாத்திய, குளிர்சாதனம் போட்ட அடுக்குமாடி. சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். தணலை அறைக்குள் விட்டுத் தூங்காதீர்கள். தலை சுற்றினால் உடனே எல்லாரையும் வெளியே அழைத்துச் சென்று, 999க்கு அழையுங்கள்.

கடைசி வேலை, அணைப்பது. மண்ணடுப்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்; சுடு ஆவியும் கிளம்பும். தணலை இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வெளியே வைத்து மூடிவிடுங்கள். சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் உடனே கொட்டாதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: அது நீறு பூத்த நெருப்பாக இருக்கலாம்.

மாணவர்களே, மேலே ஒவ்வொரு படியோடும் ஒரு ‘ஏன்’ சேர்ந்து வந்ததைக் கவனித்தீர்களா? செய்முறையை மட்டும் வரிசைப்படுத்தினால் அது சமையல் குறிப்பு. காரணமும் சேரும்போதுதான் விளக்கக் கட்டுரை. ஆசிரியர்களே, முடிந்தால் ஒருநாள் பள்ளித் திடலில் ஓர் அடுப்பை மூட்டிக் காட்டுங்கள். அந்த மாணவிக்கு நான் காட்டினேன். சாம்பலை ஊதிப் பார்த்தவள், “ஐயோ டீச்சர், உள்ளே இருக்கு!” என்று கத்தினாள். இனி அவள் ‘நீர்’ என்று எழுத மாட்டாள்.