தொண்டர் கணிப்பொறிகளும் புள்ளிப் பேரேடும்

நெய்யாறு பூவாரில் அரபிக் கடலை அடைகிறது. நீர் வரத்துக் குன்றிய காலத்தில் மணல் திட்டு ஆற்றின் வாயை அடைத்துக்கொள்ள, நீர் பின்னே தேங்கி நிற்கும். மழை மிகுந்து பொழி திறந்ததும் தேங்கியது யாவும் ஒருசேரக் கடலை நோக்கிப் பாயும். குறுகிய வாயிலில் பெருந்திரள் நெருக்குமாயின் நேரும் இடர்ப்பாட்டை அக்கரையோர மக்கள் நன்கறிவர். விஞ்ஞானிகளும் இதனை வேறொரு துறையில் சந்திக்க நேர்ந்தது.

1999-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாச் சர்வகலாசாலை ‘செட்டி அட் ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்னுமிடத்தில் இயங்கி, 2020-இல் இடிந்து வீழ்ந்த 305 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த அலைகளில், பிற உலக அறிவுயிர்களின் சைகை உண்டா எனத் தேடுவது அதன் நோக்கம். பதிவான அலைப்பட்டை 256 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, 107 விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, இன்டர்நெட் வழியே வீட்டுக் கணிப்பொறிகளுக்கு அனுப்பப்பெற்றது. இன்டர்நெட் இணைப்பு இருப்பின், பாறசாலையில் இரவில் ஓய்ந்திருக்கும் ஒரு கணிப்பொறியும் அன்று இப்பணியிற் சேரக்கூடியதாயிருந்தது.

இதற்கு ஊதியம் கிடையாது, புள்ளிகளே உண்டு. இம்முயற்சிகளுக்கெனப் பெர்க்லியில் உருவாகி, 2004 முதல் செட்டி திட்டமும் மேற்கொண்ட ‘பாயிங்க்’ மென்பொருளில், விநாடிக்கு நூறு கோடிக் கணக்குச் செய்யும் பொறி ஒரு நாள் உழைத்தால் 200 புள்ளி என்பது அளவு. தம் வரிசை எண் உயர்வதைக் காணத் தொண்டர்கள் காட்டிய ஆவல் வியப்பிற்குரியது. அந்த ஆவலே தொல்லையுமாயிற்று. வேலை வழங்கும் சர்வரின் தரவுத்தளமே புள்ளிகளையும் காக்கிறது. இலட்சக்கணக்கானோர் நொடிதோறும் வரிசையை வினவினால், வேலை கேட்டு வரும் பொறி காத்துக் கிடக்க நேரும். விஞ்ஞானம் நின்றுவிடும், கணக்கு மட்டும் நடக்கும்.

இதற்குக் கண்ட பரிகாரம் எளியது. புள்ளி விவரம் முழுவதும் நாளொன்றுக்கு ஒரு முறை சுருக்கப்பட்ட கோப்பாக வெளியிடப்படுகிறது. வரிசைப் பட்டியலும் வரைபடமும் வேண்டுவோர் தம் சொந்தப் பொறிகளில் அதனைக் கொண்டு செய்துகொள்கின்றனர். விவரம் ஒரு நாள் பழையதாயிருப்பது குறையே. எனினும் பேரேட்டை எவரும் இடையிடையே புரட்டுவதில்லை. ஒருவர் வேலையை நிறுத்திவிட்டால் அவருடைய அண்மைக்காலச் சராசரி வாரத்திற்குப் பாதியாகக் குறையவேண்டும் என்பது விதி. இதை எல்லோருக்கும் ஓயாது கணிக்காமல், புதிய புள்ளி சேரும் போது அவரவர்க்குக் கணித்து, நெடுநாள் புள்ளி சேராதோரின் கணக்கை மட்டும் தனி நிரல் ஒன்று பின்னர்ச் சரிசெய்கிறது. கொடுக்கவேண்டிய வேலைகளில் ஒரு பகுதி முன்னதாகவே நினைவகத்தில் எடுத்து வைக்கப்படுவதால், கேட்போர் ஒவ்வொருவருக்காகவும் தரவுத்தளத்தில் தேட வேண்டுவதில்லை.

இவ்வளவிற்குப் பின்னரும், பெர்க்லியில் செவ்வாய்க்கிழமைதோறும் பேரேட்டைச் சீர்செய்யச் சில மணி நேரம் வாயிலை அடைக்க வேண்டியிருந்தது. திறந்தவுடன் தேங்கிய பொறிகள் யாவும் முட்டிமோதும். ஆதலின், மறுக்கப்பட்ட ஒவ்வொரு பொறியும் அடுத்த முயற்சிக்கு முன் முன்னிலும் நெடிது, தனக்கென வாய்த்த ஒரு கால அளவு காத்திருக்குமாறு மென்பொருளிலேயே விதிக்கப்பட்டுள்ளது. பொழிக்கு அத்தகைய விதி இல்லை.

செட்டி திட்டம் 2020 மார்ச் 31-ஆம் தேதியுடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. பல்ஸார் விண்மீன்களைத் தேடும் ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ முதலிய திட்டங்கள் அதே மென்பொருளுடன் நடைபெறுகின்றன. ஐரோப்பாவில் தனியார் விவரக் காப்புச் சட்டம் அமலுக்கு வந்த 2018 முதல், தொண்டரின் சம்மதம் பெற்ற பின்னரே அவர் கணக்கை அன்றாடக் கோப்பிற் சேர்ப்பதற்கான ஏற்பாடும் அம்மென்பொருளில் செய்யப்பட்டது.