டென்மார்க்கின் வெந்நீர்க் குழாய்கள்

நிலக்கரியையோ எண்ணெயையோ எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிற அனல்மின் நிலையம் எதுவாயினும், அதன் உலையில் பிறக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மிக நவீனமான நிலையமானால் அதைவிடச் சற்று அதிகம், மின்சாரமாக மாறுகிறதே தவிர, எஞ்சியதெல்லாம் வெதுவெதுப்பான நீராகக் கடலிலும் நதியிலும் கலந்தோ, குளிர்விக்கும் கோபுரங்களின் வழியே ஆகாயத்தில் கரைந்தோ போய்விடுகிறது. இதற்குப் பொறியாளர்களின் அசிரத்தை காரணமன்று. உஷ்ணம் முழுவதையும் இயக்கமாக மாற்ற முடியாது என்பது பௌதிகத்தின் விதி. அப்படி மாறாமல் எஞ்சுவதை உஷ்ணமாகவே உபயோகித்துக்கொள்ளலாமே என்று எண்ணியவர்கள் கண்ட உபாயந்தான் இணை மின் உற்பத்தி. ஆவியில் இன்னும் சூடு மிச்சமிருக்கும்போதே அதை யந்திரத்திலிருந்து வெளியே எடுத்து, அதனால் நீரைக் காய்ச்சி, வேண்டுவோர்க்குக் குழாய் வழியே அனுப்பிவிடுகிறார்கள். மின்சாரம் கொஞ்சம் குறையும்; ஆயினும் எரிபொருளின் சக்தியில் 80 முதல் 90 விழுக்காடு வரை பிரயோஜனப்பட்டுவிடும்.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. கரும்புச் சாற்றைக் காய்ச்சுவதற்கு ஆவி வேண்டியிருப்பதால், சக்கையை எரித்து, வரும் ஆவியில் முதலில் மின்சாரமும் பிறகு பாகும் எடுப்பது சர்க்கரை ஆலைகளில் வழக்கமாயிருக்கிறது. அங்கே உஷ்ணத்தை வாங்குவோன் ஆலைக்குள்ளேயே இருக்கிறான். மிஞ்சிய மின்சாரத்தை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் போதும். ஆகவேதான் நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தன் 86ஆம் பிரிவில், இணை மின் உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டிய கடமையை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் மேல் வைத்தது. அமெரிக்கர்கள் 1978இலேயே, இத்தகைய நிலையங்களின் மின்சாரத்தைப் பெரிய மின் கம்பெனிகள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றும், தாமே உற்பத்தி செய்திருந்தாலோ பிறரிடம் வாங்கியிருந்தாலோ தங்களுக்கு என்ன செலவாகியிருக்குமோ அதை விலையாகக் கொடுக்கவேண்டும் என்றும் சட்டம் செய்திருந்தார்கள். ஆனால் மின்சாரத்துக்கு மட்டுமின்றி உஷ்ணத்துக்கும் வாங்குவோரைச் சர்க்காரே தேடி நிறுத்தவேண்டியிருந்த தேசம் ஒன்று உண்டு. இணை மின் உற்பத்திக்கு அரசாங்கம் எவ்வாறு துணை நிற்கலாம் என்று அறிய விரும்புவோர், ஆலைகளைக் காட்டிலும் அந்த டென்மார்க்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சூடு என்பது காசு கொடுத்து வாங்கும் சரக்கு என்றால் சித்திரை வெயிலில் புழுங்குகிற நமக்குச் சிரிப்பு வரலாம். வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டைக் காய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டிய வடதேசத்தில் அது அரிசி பருப்பைப் போன்ற அத்தியாவசியம். கோப்பன்ஹேகன் நகரத்தால் நாற்புறமும் சூழப்பட்ட ஃபிரெடெரிக்ஸ்பெர்க் என்ற சிறு நகராட்சி, குப்பை கொட்ட இடமில்லாமற்போகவே, அதை எரித்து, 1903இலேயே அருகிலிருந்த ஆஸ்பத்திரி முதலிய தர்ம ஸ்தாபனங்களுக்கு மின்சாரமும் உஷ்ணமும் அளித்தது. பிறகு பல நகரங்கள் அந்த வழியைப் பின்பற்றினாலும், எண்ணெய் மலிந்த காலத்தில் வீட்டுக்கு வீடு ஓர் எண்ணெய் உலை வந்து அமர்ந்துவிட்டது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தியபோது, தன் சக்தித் தேவையில் 90 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்த அந்தத் தேசம் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் கார் ஓட்டுவதையே தடை செய்ய நேர்ந்தது.

அந்த அதிர்ச்சியின் பயனாகப் பிறந்ததுதான் 1979ஆம் ஆண்டின் உஷ்ண விநியோகச் சட்டம். அதன் விசேஷம், பணத்தைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைத் தொட்டதே. எந்தத் தெருவில் எவ்வளவு உஷ்ணம் தேவைப்படுகிறது, அது இப்போது எதனால் கிடைக்கிறது, அக்கம்பக்கத்தில் எந்த நிலையத்தின் சூடு வீணாகிறது என்று ஒவ்வொரு நகராட்சியும் கணக்கெடுக்கவேண்டும். பிறகு இன்ன பகுதிக்கு வெந்நீர்க் குழாய், இன்ன பகுதிக்கு வடகடலின் இயற்கை வாயு என்று வகுத்துவிடவேண்டும். வகுத்த பகுதியில் உள்ளவர்களை இணைப்புப் பெறும்படி நிர்ப்பந்திக்கவும் நகராட்சிக்கு அதிகாரம் கிடைத்தது. குழாய் பதிப்பதற்கு ஆகும் பெருஞ்செலவு, தெருவில் பாதிப் பேர் மட்டும் சேர்ந்தால் ஒருகாலும் மீளாது என்பதே இதற்குக் கூறப்பட்ட சமாதானம். குடிமகனின் உலையில் சர்க்கார் கைவைப்பதா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இணைப்புக்குக் கட்டாயம் செய்த அதே சட்டம், உஷ்ணத்தை விற்பவர் அவசியமான செலவுக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் விதித்திருந்தது. பெரும்பாலான நிலையங்கள் நகராட்சிக்கோ வாடிக்கையாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமாயிருந்தன. லாபம் பார்க்க ஆளில்லாத இடத்தில் நிர்ப்பந்தம் அவ்வளவாகக் கசப்பதில்லை.

இன்னொரு காரியத்தை நான் மானியங்களைக் காட்டிலும் உயர்வாக மதிக்கிறேன். 1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோது, மற்ற நாடுகள் பெருமூச்சு விட்டுப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்க, டென்மார்க் சர்க்கார் வரியை ஏற்றி, வாங்குவோர் கொடுக்கும் விலை இறங்காதபடி பார்த்துக்கொண்டது. வரி ஏற்றி வாக்குத் தேடிய அரசியல்வாதி எங்கும் அபூர்வம். ஆயினும் அன்று விலை இறங்க விட்டிருந்தால், அதுவரை பதித்த குழாய்களின் கணக்கெல்லாம் தலைகீழாயிருக்கும். வெந்நீர் வரக்கூடிய பகுதிகளில் கட்டும் புது வீடுகளில் மின்சாரத்தால் காய்ச்சும் முறையும் 1988இல் தடுக்கப்பட்டது.

இவ்வாறு உஷ்ணத்துக்கு வாங்குவோர் அமைந்த பிறகே மின்சாரத்தின் பக்கம் ஊக்கம் வந்தது. அணுமின் நிலையம் வேண்டாம் என்று 1985இல் பாராளுமன்றம் தீர்மானித்தது. அடுத்த ஆண்டே, ஊர்தோறும் சிறு இணை மின் நிலையங்கள் அமைக்கக் கட்சிகளுக்குள் உடன்பாடு ஏற்பட்டது. 1990க்குப் பின் வெறும் வெந்நீர் மட்டும் காய்ச்சிக்கொண்டிருந்த நிலையங்களும் படிப்படியாக மின்சாரமும் எடுக்கும்படி பணிக்கப்பட்டன. அவை உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் கிலோவாட் மணி ஒன்றுக்கு 10 ஓரே, அதாவது அந்நாட்டு நாணயமான குரோனில் பத்தில் ஒரு பங்கு, மானியமாகக் கிடைத்தது. இதைவிடச் சாமர்த்தியமானது மூன்றடுக்கு விலை. மின்சாரம் மிகுதியும் தேவைப்படும் உச்ச நேரத்துக்கு ஒரு விலை, சாதாரணப் பகல் நேரத்துக்கு ஒரு விலை, இரவுக்கு மிகக் குறைந்த ஒரு விலை. மின்சாரத்தின் தேவை பகலில் உச்சமடைய, உஷ்ணமோ குளிர் இரவிலும் வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பெறும் யந்திரம் யாருக்கு இணங்கும்? நிலையத்தின் பக்கத்தில் பிரம்மாண்டமான தொட்டி ஒன்றை நிறுத்தி, விலை நல்ல விலையாயிருக்கும்போது யந்திரத்தை முழுவேகத்தில் ஓட்டி, வரும் வெந்நீரைத் தொட்டியில் நிரப்பிவைத்து, ராத்திரி யந்திரத்தை அணைத்துவிட்டு அதிலிருந்து ஊருக்கு அனுப்பினார்கள். தொட்டி கட்டு என்று யாரும் கட்டளையிடவில்லை. விலைப் பட்டியலே கட்டச் செய்தது. டென்மார்க்கின் கிராமப்புறத்தில் செல்வோர் இன்றும் காணும் அந்த உருளைத் தொட்டிகள் இந்தக் கணக்கின் விளைவுகளே.

இன்று அந்நாட்டுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குழாய் வெந்நீரால்தான் குளிர் காய்கின்றன. கோப்பன்ஹேகனுக்குத் தெற்கே 2001இல் இயங்கத் தொடங்கிய அவெடோர நிலையத்தின் இரண்டாம் அலகு, மின்சாரமும் உஷ்ணமும் ஒருங்கே தரும்போது எரிபொருளின் சக்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்துகிறது.

ஆனால் ஊக்கத்துக்கும் ஆயுள் உண்டு. காற்றாலைகள் பெருகி, தேசத்தின் மின்சாரத்தில் பாதி அளவுக்கு அவையே தரத் தொடங்கியபின், காற்று பலமாக வீசும் நாட்களில் மின்சாரத்தின் சந்தை விலை தரையைத் தொடுகிறது. அந்நாட்களில் சிறு நிலையங்கள் இயற்கை வாயுவை எரித்து மின்சாரம் எடுப்பதில் லாபம் இல்லை. யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாராக நிற்பதற்கென்று சிறு நிலையங்களுக்குக் கொடுத்துவந்த தொகையும் 2018 இறுதியோடு நின்றுபோயிற்று. கட்டணம் ஏறிவிடுமோ என்று ஊர்கள் அஞ்சியபோது சர்க்கார் மறுபடி கைகொடுத்தது; இம்முறை மின்சாரத்தை உண்டாக்குவதற்கல்ல, மின்சாரத்தைச் செலவிட்டுக் காற்றிலும் நீரிலும் உள்ள இளஞ்சூட்டைத் திரட்டும் ஹீட் பம்ப் என்ற யந்திரத்தை வாங்குவதற்கு. மேற்குக் கரையிலுள்ள எஸ்பியர் துறைமுகத்தின் நிலக்கரி நிலையம் 2024இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாகக் கடல்நீரிலிருந்து உஷ்ணத்தை எடுக்கும் 70 மெகாவாட் ஹீட் பம்ப் ஒன்றை நிறுவியிருக்கிறார்கள். வெந்நீரை வீடுகளுக்குக் கொண்டுபோவது பழைய குழாய்கள்தாம்.