களையை அறிந்தால் மக்காச்சோளம் பிழைக்கும்

ராஜஸ்தான் மாநிலத்தின் தெற்கே பன்ஸ்வாரா, துங்கர்பூர் என்ற மாவட்டங்கள் உள்ளன. அங்கே பீல் பழங்குடி மக்கள் அதிகம். மேடும் பள்ளமுமான நிலம். பல ஊர்களில் மக்காச்சோளம் மானாவாரிப் பயிர். மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். மக்காச்சோள ரொட்டிதான் முக்கிய உணவு. தட்டை மாட்டுக்குத் தீவனம். விளைச்சல் குறைந்தால் வீட்டில் வயிறு காயும். மாடும் காயும்.

களை என்ன செய்கிறது?

ஆனி மாதம் மழை விழுகிறது. விதை முளைக்கிறது. கூடவே களையும் முளைக்கிறது. முதல் மாதத்தில் மக்காச்சோளம் மெதுவாகத்தான் வளரும். வரிசைக்கு வரிசை இரண்டு அடி இடைவெளி இருக்கும். அந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்கிறது. ஈரத்தை உறிஞ்சுகிறது. உரத்தைத் தின்கிறது. கிணற்றுப் பாசனம் இருந்தால் மறுபடி தண்ணீர் பாய்ச்சலாம். மானாவாரியில் போன ஈரம் போனதுதான்.

எல்லாக் களையும் ஒன்றா?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

குப்பைக்கீரை விதையால் பரவும். விதை கட்டும் முன் பிடுங்க வேண்டும். இளங்கீரையைச் சமைக்கலாம்.

கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே பிடுங்கினால் கிழங்கு மறுபடி துளிர்க்கும். கோடையில் ஆழமாக உழ வேண்டும். கிழங்கு வெளியே வந்து வெயிலில் காயும்.

கானாவாழையின் தண்டு ஒடிந்து ஈரமண்ணில் கிடந்தால் வேர் விடும். அதைப் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

பார்த்தீனியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். மூச்சுத் திணறலும் வரலாம். வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் உறை மாட்டிக்கொண்டு, பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும்.

ஒரே வழியை நம்பினால், அதற்குத் தப்பிய களை பெருகிவிடும்.

எப்போது எடுப்பது?

விதைத்த 15 நாள் முதல் 45 நாள் வரை முக்கியமான காலம். 20-ஆம் நாள் ஒரு களை, 40-ஆம் நாள் மறு களை எடுக்க வேண்டும். மழை விடாமல் பெய்தால் வயலில் கால் வைக்க முடியாது. அதனால் மழை விட்டு மண் சற்று ஆறியதும் இறங்கிவிட வேண்டும். களை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குனிந்து செய்யும் வேலை இது. களை சிறிதாக இருக்கும்போதே எடுத்தால் அவர்கள் பாடு குறையும்.

வரிசைகளின் நடுவே உளுந்து விதைக்கலாம். உளுந்து படர்ந்து மண்ணை மூடும். களை குறையும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். வீட்டுக்குப் பருப்பும் கிடைக்கும்.

களைக்கொல்லி மருந்து தெளிக்கலாமா? மக்காச்சோளத்துக்குத் தீங்கு செய்யாத மருந்து, நடுவே நிற்கும் உளுந்தைக் கருக்கிவிடலாம். வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் தெளிக்கக் கூடாது.

‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்பது பழமொழி. மழை மனிதன் கையில் இல்லை. களை எடுப்பது அவன் கையில் இருக்கிறது.