லெஸ்டர்: மேடைகள் பெருகும் நகரம், மெலியும் உள்ளூர்க் குரல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கிறது லெஸ்டர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 3,68,600 பேர். அவர்களில் 43.4 சதவீதம் ஆசிய வம்சாவளியினர், 40.9 சதவீதம் வெள்ளையர். எந்தப் பிரிவும் பாதியைத் தொடவில்லை. காலுறை, பின்னலாடை, காலணி ஆலைகளால் செழித்த ஊர் அது. ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டாலும், வேலை தேடி வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கேயே தங்கி ஊரின் பண்பாட்டை மாற்றி அமைத்தார்கள். அந்த மாற்றத்தில் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கும், அதைவிட அதிகமாக உள்ளூர் வானொலிக்கும் பங்கு உண்டு.

ஊரின் முதன்மை நாளேடு 'லெஸ்டர் மெர்க்குரி'. 1874இல் மாலைப் பத்திரிகையாகத் தொடங்கியது. நீதிமன்றத் தீர்ப்பு, நகர மன்ற விவாதம், பிறப்பு இறப்பு அறிவிப்பு, கால்பந்து முடிவு என்று நகரத்தார் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள நூறாண்டுக் காலம் அதுதான் முக்கிய வழி. 1980களிலும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

வானொலியில் லெஸ்டர் நாட்டுக்கே முன்னோடி. பிபிசியின் உள்ளூர் வானொலித் திட்டத்தின் முதல் நிலையமான ரேடியோ லெஸ்டர் 1967 நவம்பர் 8 அன்று இங்கேதான் தொடங்கியது. பரிசோதனையாக அமைந்த எட்டு நிலையங்களில் அது முதலாவது. உள்ளூர் வானொலியின் நடைமுறைச் செலவுக்கு உரிமக் கட்டணப் பணத்தைத் தொடாமல் அந்தந்த ஊர் நிர்வாகங்களே கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒலிபரப்போ வி.எச்.எஃப். அலைவரிசையில் மட்டும், அதைப் பிடிக்கும் பெட்டி அன்று பல வீடுகளில் இல்லை. அப்படியிருந்தும் பரிசோதனை தேறிவிட்டது. இன்று இங்கிலாந்தெங்கும் பிபிசிக்கு 39 உள்ளூர் நிலையங்கள் உள்ளன.

வானொலி வந்து ஐந்தாண்டு கழித்து நகரைப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சி நடந்தது. 1972 ஆகஸ்டில் உகாண்டா அதிபர் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். அவர்களில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஏராளம். லெஸ்டரில் ஏற்கெனவே குஜராத்திக் குடும்பங்கள் இருந்ததால் எல்லோரும் அங்கேயே வந்து இறங்குவார்கள் என்று நகர மன்றம் பயந்தது. செப்டம்பரில் 'உகாண்டா ஆர்கஸ்' நாளிதழில் பணம் கட்டி விளம்பரம் கொடுத்தது. வீட்டு வசதி, பள்ளி, சமூக சேவை எல்லாமே நிரம்பி வழிகின்றன, தயவுசெய்து லெஸ்டருக்கு வராதீர்கள் என்பது அதன் சாரம். விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் அப்படி ஓர் ஊர் இருப்பதே தங்களுக்குத் தெரிந்தது என்று, பின்னால் குடியேறியவர்களில் பலர் சொல்வதுண்டு. விரட்டக் கொடுத்த விளம்பரமே வரவேற்புப் பலகையானது. ஒரு நகர நிர்வாகம் உள்ளூர் வரிப்பணத்தில் இதைவிட மோசமாகக் கணக்குத் தப்பியது அரிது. பிரிட்டனுக்கு வந்த ஏறக்குறைய 28,000 பேரில் பல ஆயிரம் பேர் லெஸ்டரில் குடியேறினார்கள்.

வரவேற்பு இனிமையாக இருக்கவில்லை. 1974இல் இம்பீரியல் தட்டச்சுப்பொறி ஆலையில், வெள்ளையரைவிடத் தங்களுக்குக் குறைவாகத் தரப்படுகிறது என்று ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கமே அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1976 உள்ளாட்சித் தேர்தலில், குடியேறியவர்களை வெளியேற்றச் சொன்ன நேஷனல் ஃப்ரண்ட் கட்சிக்கு ஏறத்தாழ 18 சதவீத வாக்குகள் விழுந்தன. பத்திரிகையும் அந்த நாட்களில் குடியேறியவர்களைச் செய்தியின் பொருளாகப் பார்த்ததே தவிர வாசகர்களாகப் பார்க்கவில்லை.

அதே 1976இல் ரேடியோ லெஸ்டர் ஒரு காரியம் செய்தது. ஆசிய நேயர்களுக்கென்றே 'சிக்ஸ் ஓ கிளாக் ஷோ' என்ற மாலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்கு முன் பிபிசியில் ஆசியர்களுக்கு இருந்தது பெரும்பாலும், ஆங்கிலம் கற்றுக்கொள்ளவும் பிரிட்டிஷ் வாழ்க்கைக்குப் பழகிக்கொள்ளவும் உதவும் பாட நிகழ்ச்சிதான். லெஸ்டர் நிகழ்ச்சி பாடம் நடத்தவில்லை. ஊர்ச் செய்தி சொன்னது, இந்தித் திரைப்பாடல் போட்டது, நேயர்களைப் பேசவிட்டது. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது. ஆசியச் சமூகத்தில் பெரும்பாலானோர் அதைக் கேட்டார்கள். பர்மிங்காம் நிலையமும் சேர்ந்துகொள்ள, 1988இல் இரண்டும் இணைந்து 'ஏஷியன் நெட்வொர்க்' ஆனது. 2002இல் டிஜிட்டல் வானொலி வழியாக நாடு முழுவதும் கேட்கத் தொடங்கியது. பிரிட்டனின் தேசிய ஆசிய வானொலி ஒரு மாவட்ட நிலையத்தின் மாலை நிகழ்ச்சியிலிருந்து முளைத்தது என்பதை லண்டன்வாசிகளே பலர் அறியமாட்டார்கள்.

தனியார் வானொலியின் கதை வேறு. 1981இல் தொடங்கிய சென்டர் ரேடியோ இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கியது. பிரிட்டனில் உரிமம் பெற்ற உள்ளூர் வணிக வானொலிகளில் முதலில் மூடப்பட்டது அதுதான். அதன் இடத்துக்கு வந்த லெஸ்டர் சவுண்ட், 2011இல் நாட்டிங்காம், டெர்பி நிலையங்களோடு சேர்க்கப்பட்டு கேப்பிட்டல் என்ற பொதுப்பெயருக்குள் கரைந்தது. தாக்குப்பிடித்தது 1995இல் ஆசிய நேயர்களை நம்பித் தொடங்கிய சப்ரஸ் ரேடியோ. நகைக்கடையும் புடவைக்கடையும் கொடுக்கும் விளம்பரத்தில் ஓடும் வானொலிக்கு, அந்தக் கடைகள் இருக்கும்வரை கவலை இல்லை. பின்னர் சமூக வானொலிகள் வந்தன. அவற்றில் வித்தியாசமானது, சிறுவர்களே நடத்தும் வானொலியாக 2002இல் ஒலிபரப்பைத் தொடங்கிய டேக்ஓவர் ரேடியோ.

சப்ரஸுக்கு விளம்பரம் தரும் கடைகளில் பெரும்பாலானவை பெல்கிரேவ் சாலையில் இருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் ஆளில்லாமல் பாழடையத் தொடங்கியிருந்த தெரு அது. உகாண்டாவின் கம்பாலாவில் கடை நடத்திப் பழகியவர்கள் காலியான கடைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். இன்று அதற்குக் 'கோல்டன் மைல்' என்று பெயர். 1983 முதல் தீபாவளிக்குச் சாலை நெடுக மின்விளக்குத் தோரணம் கட்டுகிறார்கள். விளக்கேற்று விழா பல ஆண்டுகள் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துவந்தது. சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். வடஇந்தியத் தின்பண்டங்களும் சூடான தேநீரும் விற்கும் கடைகளின் முன்னே, கம்பளிக் கோட்டுக்குள் பட்டுப்புடவை தெரியப் பெண்கள் நிற்பார்கள். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய தீபாவளிக் கொண்டாட்டங்களில் ஒன்று என்று பெயர் பெற்ற இந்த விழாவுக்கு விளக்குக் கட்டுவது, வராதீர்கள் என்று விளம்பரம் கொடுத்த அதே நகர மன்றம்.

நகரின் இன்னொரு வீதி விழா கரீபியன் கார்னிவல். ஆண்டிகுவா, நெவிஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்தவர்கள் 1985இல் தொடங்கியது. 1834 ஆகஸ்ட் 1இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்ததன் நினைவாக ஆகஸ்ட் தொடக்கத்தில் விக்டோரியா பூங்காவிலிருந்து ஊர்வலம் புறப்படும். சமணர்களின் கோயிலோ நகர மையத்தில் ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயக் கட்டடத்துக்குள் இருக்கிறது. வெளிமுகப்பில் வெண்பளிங்கு, உள்ளே இந்தியச் சிற்பிகள் செதுக்கிய தூண்கள். 1988இல் பிரதிஷ்டை நடந்தது.

வெளியிலிருந்து வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நகரில் இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1785இல் நடைபாதையாகவே போடப்பட்ட நியூ வாக்கில் 1849 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1944இல் அதன் இயக்குநர் டிரெவர் தாமஸ், ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஹிட்லர் 'சீரழிந்த கலை' என்று தடைசெய்த ஓவியங்கள் அவை. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஹெஸ் என்ற யூதக் குடும்பம் கொடுத்து உதவியது. கண்காட்சியோடு நிற்காமல், ஃபிரான்ஸ் மார்க் 1912இல் வரைந்த 'சிவப்புப் பெண்' உட்படச் சிலவற்றை அருங்காட்சியகத்துக்கே வாங்கினார்கள். ஜெர்மன் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் ஜெர்மன் ஓவியத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் தொகுப்பு இப்போது பிரிட்டனிலேயே அந்த வகையில் தலைசிறந்ததாக மதிக்கப்படுகிறது. அதே கட்டடத்தில் பிக்காசோ வனைந்த மண்பாண்டங்களும் இருக்கின்றன. கொடுத்தவர் 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ.

அட்டன்பரோ லெஸ்டர் பையன்தான். அவருடைய தந்தை அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர்; தம்பி டேவிட், இயற்கை வரலாற்றுப் படங்களால் உலகறிந்தவர். சிறுவன் ரிச்சர்டுக்கு நாடகப் பித்துப் பிடித்தது டோவர் தெருவின் லிட்டில் தியேட்டரில். சம்பளம் வாங்காத உள்ளூர் ஆர்வலர்கள் 1922இல் அமைத்த நாடகச் சபையின் அரங்கு அது. இன்றும் நடக்கிறது.

தொழில்முறை நாடகத்துக்கு 1963இல் ஃபீனிக்ஸ், 1973இல் ஹேமார்க்கெட் என்று அரங்குகள் வந்தன. சூ டவுன்சென்ட் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். பல ஆண்டுகள் யாருக்கும் காட்டாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஃபீனிக்ஸ் அரங்கின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்த பிறகுதான் எழுதியதை வெளியே எடுத்தார். ஏட்ரியன் மோல் என்ற பதின்மூன்றே முக்கால் வயதுப் பையனின் நாட்குறிப்பாக அவர் எழுதிய நாவல் 1982இல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. ஊரின் இன்னொரு எழுத்தாளர், நகர வீட்டுவசதிக் குடியிருப்பில் வளர்ந்த நாடகாசிரியர் ஜோ ஆர்ட்டன். வாழ்நாளில் ஊரை விட்டு ஓடியவரின் பெயரைத்தான் இன்று நகரின் பெரிய நாடக அரங்கான 'கர்வ்' முன்னிருக்கும் சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

கர்வ் 2008இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் உருகுவேயில் பிறந்த ரஃபேல் வின்யோலி. இரண்டு அரங்குகளின் மேடைகளும் கட்டடத்தின் நடுவே முதுகோடு முதுகாக இருக்கின்றன. இடைச்சுவரைத் தூக்கினால் இரண்டும் ஒரே மேடையாகும். மேடைக்குப் பின்னால் மறைவிடம் என்று வழக்கமாக இருப்பதை ஒளித்துவைக்காமல், சுற்றியுள்ள கூடத்தில் நடப்பவர்கள் கண்ணில் படும்படி வைத்தார்கள். பழைய துணி ஆலைகளும் கிடங்குகளும் இருந்த பகுதிக்கு அதனால் புது உயிர் வந்தது.

இசைக்கு 1913இல் கட்டிய டி மான்ட்ஃபர்ட் மண்டபம் இருக்கிறது; பீட்டில்ஸ் 1963இலும் 1964இலும் அங்கே பாடினார்கள். அந்த பீட்டில்ஸின் இசைத்தட்டை 1967இல் பிரிட்டிஷ் வரிசையில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்த 'ரிலீஸ் மீ' பாடலைப் பாடியவர் லெஸ்டரில் வளர்ந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். இயற்பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டார்சி. பிறந்த ஊர் மதராஸ், 1936. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நகரில் நகைச்சுவை விழாவும் நடக்கிறது. 1994இல் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது, இன்று நாட்டின் பெரிய விழாக்களில் ஒன்று.

இவ்வளவும் இருந்தும் லெஸ்டர் வெளியுலகின் தலைப்புச் செய்தியில் நல்லவிதமாகப் பெரிதாக அடிபட்டது இரண்டு தடவை. 2012இல் ஒரு கார் நிறுத்துமிடத்தின் தார்த் தரைக்குக் கீழே மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது. மரபணுச் சோதனையில் உறுதியாகி, 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, ஐயாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர்கள் கைகழுவிய லெஸ்டர் சிட்டி அணி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. இரண்டு முறையும் உலகப் பத்திரிகையாளர்கள் வந்து போன பிறகும் கதையைத் தொடர்ந்து சொன்னவர்கள் உள்ளூர்ப் பத்திரிகையாளர்களே.

அந்த உள்ளூர்ப் பத்திரிகையாளர்களின் எண்ணிக்கைதான் குறைந்து வருகிறது. மெர்க்குரி தன் பழைய பார்வையை மாற்றிக்கொண்ட பத்திரிகை. 2001இல் அதன் ஆசிரியர் நிக் கார்ட்டர் முன்முயற்சியில், பல சமூகத் தலைவர்களும் காவல்துறையும் நகர மன்றமும் உட்கார்ந்து பேசும் ஆலோசனைக் குழு உருவானது. இப்போது அது ரீச் என்ற தேசிய நிறுவனத்தின் பல ஏடுகளில் ஒன்று. அச்சுப் பிரதிகளின் விற்பனை இப்போது பழைய விற்பனையில் ஒரு சிறு பங்குதான்.

இந்தச் சரிவின் விலை என்ன என்பது 2022இல் ஓரளவு தெரிந்தது. ஆகஸ்ட் 28 அன்று நடந்த இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பின், கிழக்கு லெஸ்டரில் இந்து, முஸ்லிம் இளைஞர்களிடையே மூண்ட மோதல் வாரக்கணக்கில் நீண்டது. சிறுமியைக் கடத்த முயன்றார்கள் என்று பரவிய செய்தி பொய் என்று காவல்துறை மறுப்பதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. மோதல் பற்றிய ட்வீட்களை அலசிய பிபிசி, அவற்றில் பாதிக்கு மேல் இந்தியாவிலிருந்து இயங்கும் கணக்குகளிலிருந்து வந்தவை என்று மதிப்பிட்டது. மோதலுக்குக் காரணங்கள் பல. ஆனால் தெருவில் நின்று சரிபார்க்கும் நிருபர் குறைந்த ஊரில் எங்கோ தட்டச்சு செய்த வதந்திக்கு எதிர்ப்பே இல்லாமல் போகிறது.

அடுத்த ஆண்டு பிபிசி தன் உள்ளூர் வானொலிகளின் நேரத்தைச் சுருக்கியது. வார நாட்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் ரேடியோ லெஸ்டரில் ஒலிப்பவை பெரும்பாலும் பக்கத்து நிலையங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் நிகழ்ச்சிகள். லெஸ்டர் சிட்டி ஆட்டங்களின் நேரடி வர்ணனையை விட்டுவைத்திருக்கிறார்கள்.