வாழைத் தோட்டமும் வாக்குப் பெட்டியும்

குவாத்தமாலாவில் 1944-ல் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கியதும் சர்வாதிகாரி ஹோர்ஹே உபிகோ பதவி விலகினார். பேராசிரியர் ஹுவான் ஹோசே அரேவலோ தேர்தலில் வென்று மறு ஆண்டு அதிபரானார். 1950 தேர்தலில் வென்று அவருக்குப் பின் வந்தவர் ஹகோபோ ஆர்பென்ஸ்.

நாட்டின் தீராத சிக்கல் நிலம். நில உடைமையாளர்களில் சுமார் 2 சதவீதத்தினரிடம் விளைநிலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. எல்லாரிலும் பெரிய கை, யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழ நிறுவனம். ரயில் பாதையும் துறைமுகமும்கூட அதன் பிடியில்தான். அதன் நிலத்தில் பெரும்பகுதி தரிசு. 1952-ல் ஆர்பென்ஸ் கொண்டுவந்த சட்டம், பெரும் பண்ணைகளின் தரிசை மட்டும் எடுத்து நிலமற்றோருக்குப் பிரித்துக் கொடுத்தது. இழப்பீடு 25 ஆண்டுக் கடன் பத்திரமாக. விலை? வரிக்காக உடைமையாளரே எழுதிக் கொடுத்த மதிப்பு. வரியை மிச்சம் பிடிக்க நிறுவனம் குறைத்துக் காட்டிய கணக்கு அதன் தலையிலேயே விடிந்தது. அரசு தர முன்வந்தது சுமார் 6 லட்சம் டாலர். நிறுவனத்துக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டது 1.5 கோடிக்கு மேல்.

அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸும், சி.ஐ.ஏ. தலைவரான அவர் தம்பி ஆலனும் முன்பு பணியாற்றிய வழக்கறிஞர் நிறுவனத்துக்கு யுனைடெட் ஃப்ரூட் கட்சிக்காரர். ஆனாலும் வாழைப்பழம் மட்டுமே காரணம் என்பது பாதி உண்மைதான். அது பனிப்போர்க் காலம். ஆர்பென்ஸுக்கு நெருக்கமானவர்களில் கம்யூனிஸ்டுகள் இருந்தனர். நாடாளுமன்றத்திலோ அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாஷிங்டனின் அச்சத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

1954 ஜூன் 18 அன்று, சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்த சில நூறு பேருடன் கர்னல் காஸ்தில்லோ அர்மாஸ் ஹோண்டுராஸிலிருந்து எல்லை தாண்டினார். போர்க்களத்தில் அந்தப் படை சாதித்தது சொற்பம். சாதித்தது வானொலி. காட்டுக்குள்ளிருந்து ஒலிப்பதாகச் சொல்லிக்கொண்ட ‘விடுதலையின் குரல்’, மியாமியில் பதிவான நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி, பெரும்படை நெருங்குவதாக மக்களை நம்பவைத்தது. இவர்களை முறியடித்தால் அமெரிக்கப் படையே வந்திறங்கும் என்று அஞ்சிய ராணுவ அதிகாரிகள் ஆர்பென்ஸைக் கைவிட்டனர். ஜூன் 27 அன்று அவர் விலகினார். வெளியிலிருந்து வந்த கை, உள்ளேயிருந்த விரிசலைத்தான் பிளந்தது.

ஆட்சி மாற்றத்தைவிட அதன் பின்விளைவுகளே கொடியவை. பிரித்துக் கொடுத்த நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது, தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன, எழுத்தறியாதோர் வாக்குரிமை இழந்தனர். வாக்கால் மாற்றம் வராது என்றான பின் துப்பாக்கி பேசியது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமல்போயினர். பெரும்பாலோர் மாயா பழங்குடியினர். அத்துமீறல்களில் 93 சதவீதம் அரசுத் தரப்பின் செயல் என்று 1999-ல் உண்மை ஆணையம் கூறியது. அந்த அரசின் ராணுவத்துக்கு உதவியது தவறு என்று அமெரிக்க அதிபர் கிளின்டன் அதே ஆண்டு ஒப்புக்கொண்டார்.

2023 தேர்தலில் முன்னாள் அதிபர் அரேவலோவின் மகன் பெர்னார்தோ வென்றார். அந்த முடிவைச் செல்லாததாக்க அரசு வழக்கறிஞர்கள் முயன்றபோது, பழங்குடி அமைப்புகள் வாரக்கணக்கில் சாலைகளை மறித்தன. வாஷிங்டன் இம்முறை வாக்குப் பெட்டியின் பக்கம் நின்று, நாடாளுமன்ற உறுப்பினர் நூற்றுக்கு மேற்பட்டோர் உட்பட ஏறக்குறைய 300 பேரின் விசாவுக்குத் தடை போட்டது. எதிர்த்தரப்பினரின் இழுத்தடிப்பால், 2024 ஜனவரியில் அவர் பதவியேற்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.